தீர்ப்பைத் திட்டி எழுதினால் ஜெயிலா? வாட்ஸ்அப்பில் வரும் ‘கோர்ட் நோட்டீஸு’க்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் வண்டிப்பாதை வழக்கில் முன்சீஃப் கோர்ட் சென்ற வாரம் தீர்ப்புச் சொன்னது. பாதை ஊருக்கு இல்லை என்றாகிவிட்டது. ‘தீர்ப்பு தப்பு. எஃப்எம்பி (சர்வே புல அளவு) வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பணம் பேசியிருக்கிறது’ என்று ஃபேஸ்புக்கில் எழுதினேன். பலர் பகிர்ந்தார்கள். இப்போது வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவர், சிங்க முத்திரை போட்ட நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கோர்ட் அவமதிப்பாம், இரண்டு வருடம் ஜெயிலாம். நாற்பதாயிரம் கொடுத்தால் ‘உள்ளே பேசி’ முடித்துத் தருவாராம். பதிவை அழித்துவிட்டேன். போலீஸ் வீட்டுக்கு வருமா? – மதுரை மாவட்ட வாசகர்

பதில்: ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த நோட்டீஸ் பொய் என்பதற்கு அதிலேயே சாட்சி இருக்கிறது. 1971-ம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே ஆறு மாத வெறுங்காவல், இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டு வருடம் என்று எழுதியவர் அந்தச் சட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. உண்மையான நோட்டீஸ் என்றால் வழக்கு எண், வருடம், தரப்பினர் பெயர், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ உயர் நீதிமன்றத்தின் தளத்திலோ நீங்களே தேடிப் பார்க்கலாம். இல்லாத வழக்குக்கு எண் கிடைக்காது. அப்புறம், அவமதிப்பு வழக்கில் புகார்தாரருக்குப் பணம் கொடுத்து ராஜியாகப் போவது என்ற பேச்சே கிடையாது. அது கோர்ட்டுக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். ‘ஜட்ஜிடம் பேசிக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்பவர்தான் கோர்ட்டை அவமதிக்கிறார். இந்த மாதிரி ஆட்கள் கோர்ட் வாசல் டீக்கடையிலும் இருக்கிறார்கள், இப்போது வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டார்கள். வீடியோ காலில் போலீஸ், கோர்ட் என்று மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடிக்காரர்கள் உச்ச நீதிமன்ற உத்தரவையே போலியாகத் தயாரித்து ஒரு முதிய தம்பதியிடம் பணம் பறித்ததைப் பார்த்து, 2025 அக்டோபரில் அந்த நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அந்த அளவுக்குப் போய்விட்டது நிலைமை.

நிஜமான வழக்கு எப்படி வரும்? கீழ்க்கோர்ட் தீர்ப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதற்கு முன்சீஃப் உங்களைத் தண்டிக்க முடியாது. அவர் உயர் நீதிமன்றத்துக்கு எழுதலாம், அல்லது அரசுத் தலைமை வழக்கறிஞர் மனு செய்யலாம், அல்லது உயர் நீதிமன்றமே தானாக எடுக்கலாம். எடுத்தால் குறைந்தது இரண்டு நீதிபதிகள் அமர்ந்து விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போட்டு ஆரம்பிக்கும் வழக்கு இல்லை இது. அதனால் அவமதிப்புக்காக ஏட்டய்யா கதவைத் தட்ட மாட்டார். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கலாம் என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை யாராவது சொன்னால், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கிலேயே ரத்து செய்துவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். செத்துப்போன அந்தப் பிரிவில் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது, 2022-ல் மறுபடியும் உத்தரவு போட்டது. ஒரு தீர்ப்பு ஸ்டேஷன் வரை போய்ச் சேர ஏழு வருடம் ஆகும் என்றால், சாதாரண ஜனம் யாரிடம் போய் முறையிடும்?

சரி, உங்கள் பதிவுக்கு வருவோம். அதில் மூன்று வாக்கியம். ‘தீர்ப்பு தப்பு’ என்பது உங்கள் கருத்து, தாராளமாகச் சொல்லலாம். ‘எஃப்எம்பி வரைபடத்தைப் பார்க்கவே இல்லை’ என்பது தீர்ப்பின் மீதான விமர்சனம், அதுவும் சரி. ஆனால் தீர்ப்பு நகலை வாங்கிப் படித்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும். ‘பணம் பேசியிருக்கிறது’ என்ற மூன்றாவது வாக்கியத்தில்தான் வில்லங்கம். அது தீர்ப்பை விட்டுவிட்டு நீதிபதியின் நேர்மைக்குப் போய்விட்டது. 2006-ல் வந்த திருத்தத்தின்படி, பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மை ஒரு தற்காப்பு. ஆனால் ஆதாரம் நீங்கள் காட்ட வேண்டும். ‘ஊரில் பேசிக்கொண்டார்கள்’ என்பது ஆதாரம் ஆகாது.

இன்னொன்றை வக்கீல்களே பலர் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நியாயமான விமர்சனத்துக்கு இந்தச் சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. ஆனால் ‘இறுதியாக முடிந்த’ வழக்குக்குத்தான் கொடுக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. மேல்முறையீடு செய்ய வழி இருந்தால், அது விசாரித்து முடியும் வரை வழக்கு நிலுவையில் இருப்பதாகத்தான் கணக்கு. யாருமே மேல்முறையீடு போடவில்லை என்றாலும், அதற்கான கெடு முடியும் வரை நிலுவைதான். முன்சீஃப் தீர்ப்பிலிருந்து சார்பு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள் கெடு. நீங்கள் முதல் வாரத்திலேயே எழுதிவிட்டீர்கள். அதற்காகக் கெடு முடியும் வரை வாய் திறக்கவே கூடாது என்றில்லை. நடந்ததை நடந்தபடி எழுதலாம், ‘அப்பீல் போகிறோம்’ என்று சொல்லலாம். மேல் கோர்ட் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று மிரட்டுகிற தொனியில் எழுதாதீர்கள்.

தண்டனை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கே கோபம்தான் வருகிறது. இரண்டு ட்விட்டர் பதிவுகளுக்காக வக்கீல் பிரசாந்த் பூஷணுக்கு 2020-ல் ஒரு ரூபாய் அபராதம். நீதித்துறையில் ஊழல் என்று யூடியூப் பேட்டியில் பேசியதற்காக யூடியூபர் சவுக்கு சங்கருக்கு 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆறு மாதம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கோர்ட்டை இழிவாகப் பேசிய பாஜகவின் ஹெச்.ராஜா மன்னிப்புக் கேட்டதும் 2018-ல் முடித்துக்கொண்டார்கள். கோர்ட்டை விமர்சித்த நடிகர் சூர்யாவின் நீட் அறிக்கை மீது நடவடிக்கை வேண்டும் என்று ஒரு நீதிபதியே கடிதம் எழுதியும், 2020-ல் தலைமை நீதிபதி அமர்வு வேண்டாம் என்றது. ‘நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது’ என்று சட்டத்தில் எழுதியிருப்பது அவ்வளவு பொத்தாம்பொதுவானது. எந்தப் பேச்சு மாண்பைக் குலைக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. இந்தக் குற்றத்தை நமக்குத் தந்த பிரிட்டன் 2013-லேயே அதைத் தூக்கிவிட்டது. நம் சட்ட ஆணையமோ 2018-ல் இருக்கட்டும் என்று அறிக்கை கொடுத்தது. இது தவறு என்பது என் உறுதியான கருத்து. வழக்கு விசாரணைக்கு உண்மையில் இடையூறு செய்தால் தண்டிக்கட்டும். கோபத்தில் எழுதிய ஒரு வரிக்குச் சிறை என்பது எந்தக் கோர்ட்டுக்கும் அழகில்லை.

பதிவை அழித்தது தப்பில்லை. முழுப் பதிவும் அதன் கீழ் வந்த கருத்துகளும் உள்ள ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருந்தால் வாங்கி வையுங்கள். ஒற்றை வரியை வெட்டி எடுத்துக் காட்டினால் அப்போது அது உதவும். மன்னிப்புக் கடிதம் என்று யாருக்கும் இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். உண்மையிலேயே உயர் நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு போய், அந்த மூன்றாவது வாக்கியத்துக்கு மட்டும் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேளுங்கள். நல்லெண்ணத்தோடு கேட்கும் மன்னிப்பை, நிபந்தனை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 12-வது பிரிவே சொல்கிறது. தீர்ப்பு தப்பு என்ற கருத்தை நீங்கள் வாபஸ் வாங்க வேண்டியதில்லை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த வாட்ஸ்அப் ஆள் அனுப்பியதை அழிக்காமல், சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள். அவமதிப்பு நடவடிக்கை எடுக்க ஒரு வருடம்தான் கெடு, அதனால் பதிவு போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். முக்கியமாக, முப்பது நாளில் சென்ற வாரத்து நாட்கள் ஏற்கெனவே போய்விட்டன. தீர்ப்பு நகலுக்கு நாளையே மனுப் போட்டு, பாதைக்கான மேல்முறையீட்டைப் பாருங்கள்.