கோல் அப்புறம், முதலில் வயலின் நாற்காலி

தென்னாப்பிரிக்காவின் சென்சூரியனிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்குப் பிரிட்டோரியாவில் வேலை, குடும்பம் அங்கேயே ஊன்றிவிட்டது. மகள் பதினோராம் வகுப்பு. சின்ன வயதிலிருந்து வயலின், யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) நடத்தும் இசைத் தேர்வில் ஏழாம் கிரேடு முடித்துவிட்டாள். இப்போது சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கோல் அசைத்து நடத்தும் கண்டக்டர் ஆகப்போகிறேன் என்கிறாள். திருச்சிப் பெரியப்பா வாரம் தவறாமல் வீடியோ காலில் வந்து மருத்துவத்தில் சேருங்கள் என்கிறார். அப்பாவோ, இசைதான் என்றால் அதையும் பெரிதாகவே செய்வோம் என்று லண்டனில் கண்டக்டிங் பட்டப்படிப்பு பார்த்து வைத்திருக்கிறார். ஊரில் இருக்கும் மனையை விற்கலாமாம். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

போனதில் நியாயம் இருக்கிறது அம்மா. ஆனால் மகளின் ஆசையைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். உங்கள் கணவரின் திட்டத்தைப் பார்த்துப் பயப்படுங்கள்.

பெரியப்பாவை முதலில் முடித்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் 6 வருடம், அப்புறம் 2 வருடம் இன்டர்ன்ஷிப், 1 வருடம் கட்டாயச் சமூகப் பணி. உயிரியல் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பெண்ணை 9 வருடம் அதில் தள்ளுவது பற்றி நான் பேசக்கூடத் தயாராக இல்லை.

லண்டனுக்கு வருவோம். உங்கள் ஊரில் பிறந்தவர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஜெரார்ட் கோர்ஸ்டன், 1960இல் பிரிட்டோரியாவில் பிறந்த கண்டக்டர். அப்பா கே கோர்ஸ்டன் ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த குரல். 1927இல் ராட்டர்டாமில் பிறந்து, சிறுவனாகத் தென்னாப்பிரிக்கா வந்து, பாட்டாலேயே கதை சொல்லும் நாடகமான ஓபராவில் டெனராக (உயர்ந்த ஆண்குரலில்) பாடி, ஆஃப்ரிகான்ஸ் சினிமாவிலும் பாடி நடித்து நட்சத்திரம் ஆனவர். அப்படி ஒரு அப்பா இருந்தால் நம் ஊரில் பையனை நேராக மேடை நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். இந்தப் பையன் கையில் எடுத்தது வயலின். ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைப் பள்ளியில் இவான் கலாமியனிடம் படித்தார், பிறகு சால்ஸ்பர்க்கில் ஷாண்டோர் வேக் என்ற பெரிய வயலின் கலைஞரிடம். அந்த வேக் நடத்திய காமெராட்டா சால்ஸ்பர்க் ஆர்க்கெஸ்ட்ராவிலேயே முதல் வயலின் நாற்காலி. அதன்பின் 1987 முதல் 1996 வரை ஐரோப்பியச் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்ற சிறிய குழுவில் கன்சர்ட்மாஸ்டர், அதாவது முதல் வயலின் வரிசையின் தலைவர். முப்பத்தைந்து வயதுக்கு அப்புறம்தான் முழுநேரமாகக் கோலைப் பிடித்தார்: பிரிட்டோரியா ஸ்டேட் தியேட்டர், ஸ்வீடனின் உப்சாலா, 1999 முதல் 2005 வரை இத்தாலியின் காலியாரி ஓபரா அரங்கம், ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க், 2010 முதல் 2014 வரை லண்டன் மொசார்ட் பிளேயர்ஸ். காலியாரியில் ஷூபர்ட், வெபர், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதி அதிகம் மேடையேறாத ஓபராக்களை எடுத்துச் செய்தார். பாடகர் வீட்டுப் பிள்ளை அல்லவா, பாடுபவர் எங்கே மூச்செடுப்பார் என்பதற்கு வீட்டிலேயே காது பழகியிருக்கும். அப்பாவிடமிருந்து வந்தது அந்தக் காதாக இருக்கலாம். மற்றதெல்லாம் வயலின் வரிசையில் உட்கார்ந்த வருடங்கள்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத வழி இதுதான்: முதலில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்து வாசிப்பது, கோல் அப்புறம். அந்த ஐரோப்பியச் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் பதிவு செய்த கண்டக்டர் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட்டும், 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ (உட்கார்ந்து நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்றது) வாசித்தவர்தான்.

கன்சர்ட்மாஸ்டர் என்றால் நிகழ்ச்சிக்கு முன் எழுந்து நின்று சுருதி சேர்க்க வைப்பவர், முடிந்ததும் கண்டக்டரோடு கைகுலுக்குபவர் என்று வெளியிலிருந்து தெரியும். உண்மையான வேலை ஒத்திகைக்கு முன்பே ஆரம்பித்துவிடும். முதல் வயலின் பார்ட், அதாவது அந்த வரிசை வாசிக்க வேண்டிய இசைத்தாள், கைக்கு வந்ததும், எந்த ஸ்வரத்துக்கு வில் கீழே இழுபட வேண்டும், எதற்கு மேலே போக வேண்டும், ஒரே இழுப்பில் எத்தனை ஸ்வரம் என்று பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறிக்க வேண்டும். இரண்டாம் வயலின், வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), செல்லோ வரிசைத் தலைவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பார்ட்டில் குறிப்பார்கள். பேனாவை யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் கண்டக்டர் வந்து பாதியை மாற்றச் சொல்வார். அவர் "இன்னும் கனமாக வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அதை ஒரே இழுப்பை இரண்டாக உடைத்து வாசிப்பதாக மாற்றி, தலையைத் திருப்பிப் பின்வரிசைக்குச் சொல்பவர் கன்சர்ட்மாஸ்டர். கண்டக்டர் தாளத்தில் தடுமாறினால் மொத்த வரிசையும் பார்ப்பது இவருடைய வில் நுனியை. நல்ல கண்டக்டர், மோசமான கண்டக்டர், ஒத்திகை நேரத்தை வீணடிப்பவர் என்று எல்லோரையும் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும் வேலை இது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

கண்டக்டிங் வகுப்பில் மாணவருக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா கிடைப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரமெல்லாம் பியானோவுக்கு முன்னால் கையசைப்பது. ஆளே இல்லாத வகுப்பறையில் பாடம் நடத்திப் பழகும் வாத்தியார் நிலைமை அது.

பாதை எப்படி? தென்னாப்பிரிக்க தேசிய இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவின் தேர்வுக்குப் போகட்டும். பட்டப்படிப்புக்கு ஸ்டெல்லன்போஷ் கன்சர்வேட்டோரியம் இருக்கிறது. 1905இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. ஜூலையில் அங்கே நடக்கும் சர்வதேசச் சேம்பர் இசை விழாவில் வெளிநாட்டு ஆசிரியர்களிடம் நேரடியாக வாசித்துக் காட்டலாம். பிறகு முதுகலைக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா. அங்கே பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் அகாடமி நடத்துகின்றன. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கராயன் அகாடமி 1972இலிருந்து இருக்கிறது. உதவித்தொகையோடு இரண்டு வருடம், பெரிய கலைஞர்களோடு ஒரே வரிசையில் வாசிப்பு. வேலைக்கான தேர்வில் முதல் சுற்று பெரும்பாலும் திரைக்குப் பின்னால்: மொசார்ட்டின் வயலின் கன்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த உருப்படி) ஒன்று, பிறகு ஸ்ட்ராஸின் 'டான் யுவான்' முதல் பக்கம் போன்ற கடினமான துண்டுகள். யார் மகள், எந்த நாடு என்று திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது. தேறினாலும் ஒரு பரீட்சார்த்தக் காலம் உண்டு.

உள்ளூரில் இடங்கள் குறைவு, மறைக்கமாட்டேன். கேப் டவுனிலும் டர்பனிலும் நிலையான ஆர்க்கெஸ்ட்ராக்கள் உண்டு. ஜோஹன்னஸ்பர்க் ஃபில்ஹார்மோனிக் பண நெருக்கடியில் நின்றுபோய் 2017இல்தான் மீண்டு வந்தது. ஆனால் வயலின் கையில் இருப்பவள் வேலை இல்லாத மாதத்திலும் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் கண்டக்டிங் பட்டம் வைத்திருப்பவர் யாருக்குப் பாடம் எடுப்பார்?

பணம். இதில் நான் கறாராகவே இருப்பேன். லண்டன் இசைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே 25,000 பவுண்டுக்கு மேல், சாப்பாடும் வாடகையும் தனி. ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மற்ற மாநிலங்கள் பலவற்றில் அரசு இசைக் கல்லூரிகளுக்கு அதுவும் கிடையாது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. கோர்ஸ்டன் படித்த கர்ட்டிஸில் 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. வாசிப்பு மட்டும்தான் நுழைவுச்சீட்டு. ஆகவே அப்பா மனைப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைக்கட்டும். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் விற்ற நிலத்தை ஏற்றினால், பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையே அவளுக்குப் போய்விடும்.

அவளுடைய நாட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கடிதத்தில் குறையாக எழுதிய ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது: தன் பார்ட்டைப் பயிற்சி செய்யாமல் வயோலாவும் செல்லோவும் வாசிக்கும் பார்ட்டுகளை இரவல் வாங்கி வந்து, தரையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். திட்டாதீர்கள். தன் வரியைத் தாண்டி அடுத்தவர் வரியைப் படிக்கும் பிள்ளைக்குத்தான் இந்த ஆசை வர வேண்டும். ஆனால் தன் பார்ட்டையும் வாசித்தாக வேண்டும், அதை நான் சொன்னதாக அவளிடம் சொல்லுங்கள்.

இந்த வருடம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். யூனிசா எட்டாம் கிரேடு. வயலின் ஆசிரியரிடம், இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுக்குத் தயார் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரவல் வயோலா கிடைத்தால் அதையும் பழகட்டும், மேல் ராகத்துக்கும் அடிநாதத்துக்கும் நடுவே ஓடும் உள் குரல்கள் காதில் கேட்கத் தொடங்கும். பள்ளி ஸ்டிரிங் குழுவில் ஒரு சின்ன உருப்படியை மட்டும் நடத்த விடுவார்களா என்று அவளே போய்க் கேட்கட்டும், நீங்கள் போகாதீர்கள். பெரியப்பாவுக்குப் பதில் சொல்லும் வேலை மட்டும் அப்பாவுடையது. அவருடைய அண்ணன்தானே.