டெர்மினல் பிளாக், கனெக்டர்: கேட்டதும் சொன்னதும்

வயரை மாட்டி இறுக்கும் டெர்மினல் பிளாக், கழற்றி மாட்டும் கனெக்டர் இரண்டையும் பற்றி, பேனல் வயரிங், போர்டு, சோலார் என்று பல பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, மல்டிஸ்ட்ராண்ட் (பல மெல்லிய இழை சேர்ந்த) வயர் நுனியில் ஈயம் (சால்டர்) உருக்கி வைத்து ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டுகிறேன். இழை பிரியாமல் நன்றாகத்தான் நிற்கிறது. கூட வேலை செய்யும் மூத்தவர் கூடாது என்கிறார், காரணம் சொல்லவில்லை.

அவர் சொல்வது சரி தம்பி. இரண்டு உலோகம் ஒன்றை ஒன்று தொடுகிறது என்று நமக்குத் தோன்றினாலும் உண்மையில் சில நுண்ணிய புள்ளிகளில்தான் தொடுகிறது, ஸ்க்ரூ கொடுக்கும் அழுத்தம்தான் அந்தப் புள்ளிகளை நசுக்கி, மேலே படிந்த ஆக்சைடை உடைத்து, கரண்ட் போக வழி செய்கிறது. அதனால் அழுத்தம் போனால் இணைப்பும் போச்சு. ஈயம் மெத்தென்ற உலோகம், தொடர்ந்து அழுத்தினால் சாதாரண வெப்பத்திலேயே மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். இன்று இறுக்கியது சில மாதத்தில் தளர்ந்திருக்கும். தளர்ந்தால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் சூடாகும், சூடானால் ஈயம் இன்னும் வேகமாக நகரும். 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டாலே 10 வாட் சூடு, அதுவும் நகத்தளவு இடத்தில். ஒரு சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மெயினை அணைத்துவிட்டு, இப்படி மாட்டிய பழைய வயர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். நுனி தட்டையாக நசுங்கி, ஸ்க்ரூவின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். ஸ்க்ரூவும் பெரும்பாலும் எதிர்ப்பே காட்டாமல் சுற்றும். இன்னொரு தொல்லையும் உண்டு, ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைப்பாகிவிடுவதால் அதிர்வு உள்ள மெஷினில் சரியாக அங்கேயே ஒடியும். வீட்டுச் சாதனங்களுக்கான ஐஇசி 60335 என்ற சர்வதேசத் தரமும், ஈயம் நகர்ந்து தொடர்பு கெடக்கூடிய இடங்களில் இப்படிச் செய்வதை அனுமதிப்பதில்லை.

அப்போ இழை பிரியாமல் இருக்க என்ன செய்வது?

எண்ட் சீலிங் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போடுங்கள், அதற்கென்று உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. 0.75 சதுர மி.மீ.க்குச் சாம்பல், 1க்குச் சிவப்பு, 1.5க்குக் கறுப்பு, 2.5க்கு நீலம் என்பது ஜெர்மன் முறை நிறங்கள். வேறு நிற முறைகளும் விற்கிறார்கள், ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் பாக்கெட்டில் அளவைப் பாருங்கள். மாட்டியபின் கையால் இழுத்துப் பார்க்காமல் அடுத்த வயருக்குப் போகாதீர்கள்.

ரிலே (சிறு கரண்டால் இயங்கும் சுவிட்ச்) போர்டில் "10 ஆம்பியர்" என்று போட்டிருந்தது. அரை ஹெச்பி பம்ப்தான் மாட்டினேன், நீல நிற டெர்மினல் உருகிவிட்டது. டெர்மினல் மட்டமான சரக்கா?

இருக்கலாம், ஆனால் அதை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த 10 ஆம்பியர் ரிலே கான்டாக்டுக்கு (உள்ளே தொட்டு விலகும் முனைக்கு) எழுதியது, போர்டு முழுவதற்கும் அல்ல. சாதாரண பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) செம்புப் படலம் 35 மைக்ரான் தடிமன்தான், அந்தத் தடம் ஒல்லியாக இருந்தால் அதுவே சூடாகி டெர்மினலையும் சேர்த்துச் சூடாக்கும். அப்புறம் அரை ஹெச்பி மோட்டார் ஓடும்போது 3, 4 ஆம்பியர் எடுத்தாலும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் அந்த அடி கான்டாக்டுக்கும் டெர்மினலுக்கும் விழுகிறது. ரிலே போர்டை வைத்து ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலை மட்டும் இயக்குங்கள், மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியே போகட்டும். அரை ஹெச்பிக்கு இது அதிகப்படி என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பின்னுக்குப் பின் 5.00 மி.மீ. இடைவெளி உள்ள டெர்மினலை 5.08க்கு வரைந்த போர்டில் போடலாமா?

இரண்டு, மூன்று பின் என்றால் உட்கார்ந்துவிடும். 12 பின் என்றால் 11 இடைவெளி, ஒவ்வொன்றிலும் 0.08 என்று சேர்ந்து கடைசியில் 0.88 மி.மீ. தள்ளிப்போகும், நுழையாது. வளைத்து நுழைத்தால் சால்டர் பேடு உரியும். வாங்குவதற்கு முன்னால் காலிப்பரை முதல் பின்னுக்கும் கடைசிப் பின்னுக்கும் வைத்து அளந்துவிடுங்கள்.

ஸ்பிரிங் டெர்மினல் நல்லதா, ஸ்க்ரூவா?

அதிர்வு உள்ள இடம் என்றால் யோசிக்காமல் ஸ்பிரிங். வயர் கொஞ்சம் நசுங்கினாலும் ஸ்பிரிங் பின்தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும், இறுக்குபவரின் கைப்பலத்தை நம்பி அது இல்லை. வாகோ நிறுவனம் 1977இல் கேஜ் கிளாம்ப் என்ற ஸ்பிரிங் டெர்மினலைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த முறை நன்றாகத் தேறி நிற்கிறது. ஸ்க்ரூவும் கெட்டதல்ல, கேட்டலாக்கில் கொடுத்த டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கினால். எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 0.5, 0.6 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், முழு பலத்தையும் போட்டால் மரை போய்விடும்.

சோலாரில் ஒரு பக்கம் ஒரு கம்பெனி எம்சி4 (சோலார் பேனல் வயர் கனெக்டர்), மறுபக்கம் "எம்சி4 கம்பாட்டிபிள்". நன்றாகப் பொருந்துகிறது சார், போதாதா?

போதாது. கிளிக் என்று மாட்டுவது பிளாஸ்டிக் உடல். உள்ளே இருக்கும் பின்னின் அளவு, முலாம், ஸ்பிரிங் அழுத்தம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரப்பர் சீலும் சரியாக உட்காராமல் மழைநீர் ஏறும். இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே வகை போடுங்கள். வெயில் நேரத்தில் லோடு ஓடும்போது கழற்றவே கழற்றாதீர்கள்: ஏசி போல டிசி கரண்ட் பூஜ்யத்துக்கு வந்து போவதில்லை, பிடித்த ஆர்க் (தொடர் மின்பொறி) எளிதில் அணையாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரை (துண்டிக்கும் சுவிட்சை) ஆஃப் செய்யுங்கள்.

சென்சார் சிக்னல் அவ்வப்போது விட்டு விட்டு வருகிறது. கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டினால் சரியாகிறது. ஏன்?

ஒரு பக்கம் தங்க முலாம், மறுபக்கம் டின் முலாம் இருக்கிறதா பாருங்கள். நுண்ணிய அதிர்வில் இரண்டும் உரசி உரசி டின் ஆக்சைடு தங்கத்தின் மேல் படியும், மில்லிவோல்ட் சிக்னலால் அதை உடைத்துக்கொண்டு போக முடியாது. கழற்றி மாட்டும்போது படலம் சுரண்டப்படுவதால் கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் வரும். இரண்டு பக்கமும் ஒரே முலாமாக மாற்றுங்கள், சிறு சிக்னல் என்றால் இரண்டுமே தங்கம். கூடவே, கனெக்டர் ஆடாதபடி கேபிளைப் பக்கத்திலேயே டை போட்டுக் கட்டிவிடுங்கள்.