மகளின் குப்பியும் வீட்டு மாடும்

கேள்வி: திருச்சியில் ஆராய்ச்சி செய்யும் என் மகள், ‘எல்.எச். பீட்டா ஆன்டிபாடி’ என்று ஒரு குப்பி வாங்கியிருக்கிறாள். உள்ளே இரண்டு சொட்டுகூட இராது. விலையோ ஒரு கன்றுக்குட்டியின் விலை. இனப்பெருக்க ஹார்மோன் சம்பந்தப்பட்டது என்கிறாள். எங்கள் மாட்டுக்கு நான்கு முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. அதில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: வேண்டாம் ஐயா. ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அது எந்த நோயையும் தீர்க்காது, எல்.எச். ஹார்மோனைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதம், அவ்வளவுதான். கருமுட்டையை வெளியேறச் செய்வது எல்.எச்.

‘பீட்டா’ எதற்கு என்றால், மண்வெட்டி, கோடரி, களைக்கொத்து மூன்றுக்கும் ஒரே மாதிரிப் பிடி போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பிடியைத் தடவி எது எதுவென்று சொல்ல முடியுமா? எல்.எச்., கருமுட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. நான்கும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு பாதிகள் சேர்ந்த ஹார்மோன்கள். பிடி போன்ற ஆல்ஃபா நான்குக்கும் ஒன்றேதான்; மனிதரில் 92 அமினோ அமிலங்கள், அதாவது புரதச் சங்கிலியின் கண்ணிகள். பீட்டாதான் ஆளுக்கு ஆள் மாறும் வெட்டும் அலகு. அதிலும் எல்.எச்., எச்.சி.ஜி. இரண்டின் அலகும் அண்ணன் தம்பி ஜாடை. முன்னதற்கு 121 அமினோ அமிலங்கள், பின்னதற்கு 145. அந்த நீண்ட வாலைப் பிடிக்கும் ஆன்டிபாடி எச்.சி.ஜி.யை மட்டுமே காட்டும். ஒரே இடத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் 1975இல் கண்டார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் கேள்வியைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைக் கோமியத்தில் நனைத்து, கோடு விழவில்லையே என்று கும்பகோணத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்தவர் உண்டு. எப்படி விழும்? அந்தப் பட்டை தேடுவது எச்.சி.ஜி.யை; பசுவுக்கு அது சுரப்பதே இல்லை.

மாட்டு விஷயம் வேறு. 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. இந்த நேரம் தப்புவதாலேயே பல ஊசிகள் வீணாகின்றன. மூன்று முறைக்கு மேல் தவறினால் கருப்பையைப் பரிசோதித்தே ஆகவேண்டும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை.

மகளிடம் ஒன்று கேளுங்கள். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது சென்னையிலிருந்து இப்படி ஒரு குப்பியைத் தெர்மாஸ் ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது. மயிலாடுதுறை வரை தூக்கமே வரவில்லை. ஆனால் வழியில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு நான்தான் தினமும் உறையவைப்பதும் உருக்குவதுமாக ஒரே மாதத்தில் கெடுத்தேன். குப்பி வந்த அன்றே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்தாளா என்று கேளுங்கள்.