பழைய எம்கோ எஃப்1: வாங்கலாமா?

வணக்கம் நண்பரே. கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் எலக்ட்ரானிக்ஸ்) செத்துப்போன எம்கோ எஃப்1, அதாவது கம்ப்யூட்டரால் ஓடும் சிறிய சிஎன்சி மில்லிங் மெஷின், கிடைக்கிறது, பித்தளையிலும் அலுமினியத்திலும் சிறு பாகங்கள் செய்ய வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்ட்ரோலுக்காகப் பயப்படாதீர்கள், அது எப்படியும் கழற்றி எறிய வேண்டியதுதான். நீங்கள் காசு கொடுப்பது வார்ப்பிரும்பு உடம்புக்கும், டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவுக்கும் (குண்டுகள் மேல் உருளும் திருகு).

போகும்போது ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) கொண்டுபோங்கள். அதன் நுனியை டேபிளில் வைத்து, டேபிளைக் கையால் அழுத்தித் தள்ளி இழுத்துப் பாருங்கள். 0.03 மி.மீ.க்குள் ஆட்டம் இருந்தால் நல்ல மெஷின். 0.1 வந்தால், முதலில் ஸ்க்ரூவின் தாங்கு பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது மலிவில் சரியாகும். தேய்ந்தது ஸ்க்ரூவே என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம் வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள், கரகரப்பு இருக்கக்கூடாது.

மோட்டாரைப் புதிதாகவே போடுங்கள்: நேமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழல்வது), 48 வோல்ட் சப்ளை, மோட்டாரை ஓட்டும் டிஜிட்டல் டிரைவர். கட்டுப்படுத்தும் மென்பொருளுக்கு, மூன்று அச்சுக்கு ஜிஆர்பிஎல் போதும். நான் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ்சிஎன்சியைத்தான் விரும்புவேன்.

வயரிங்கில் அவசரம் வேண்டாம். லிமிட் ஸ்விட்ச் (அச்சு எல்லையைத் தொட்டால் மெஷினை நிறுத்துவது) வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மெஷின் ஏன் தானாக நிற்கிறது என்று இரண்டு வாரம் தேடியவன் நான். மோட்டார் வயரின் மின் இரைச்சல் ஸ்விட்ச் வயரில் ஏறியதுதான் காரணம். ஷீல்டு வயர் (மேலே உலோக உறை உள்ளது) போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

அடுத்த மாதமே ஆர்டர் முடிக்க வேண்டுமென்றால் இது வேண்டாம். சில மாத ஞாயிறுகள் ஒதுக்க முடியுமென்றால், தாராளமாக வாங்குங்கள். டயல் கேஜ் அளவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.