எல்லாமே ‘இணைப்பு’தானா?

அன்புள்ள ஐயா,

களியக்காவிளையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஜாயின், மெர்ஜ், அட்டாச், கனெக்ட் என்று எது வந்தாலும் என் கை ‘இணை’ என்றுதான் தட்டுகிறது. வங்கி இணைப்பு, மின் இணைப்பு, மெயிலில் இணைப்பு, 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்ட இணைப்பு. பஞ்சம் தமிழுக்கா, எனக்கா?

(பெயர் வேண்டாம் என்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

தமிழுக்கு இல்லை. சேர், கூட்டு, ஒட்டு, கல, கரை, கோர், பொருத்து என்று எத்தனையோ கிடக்கின்றன. அலுவலகங்கள் ‘இணை’யை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. மற்றவை அடுக்களையிலும் தச்சுப்பட்டறையிலும் பிழைக்கின்றன.

மெர்ஜ் என்பதற்கு லத்தீன் மூலத்தில் முக்குவது, அமிழ்த்துவது என்று பொருள். சப்மெர்ஜும் எமெர்ஜும் அதே வீட்டுப் பிள்ளைகள். முங்கியது அப்புறம் தனியாகத் தெரியாது. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் பாரத ஸ்டேட் வங்கிக்குள் போனதே, அது அசல் மெர்ஜ். என் அம்மா மட்டும் இன்றும் பாஸ்புக்கோடு ‘எஸ்.பி.டி.’க்குத்தான் போகிறாள். ‘கரைந்தது’ என்று எழுதலாம். ஆனால் கரைந்தது டெபாசிட் என்று யாராவது பதறிவிடுவார்கள்.

அட்டாச் வேறு ஜாதி. பெரியதோடு சிறியது ஒட்டிக்கொள்வது. அட்டாச்டு பாத்ரூம் சரி, மெர்ஜ் ஆன பாத்ரூம் உள்ள வீட்டுக்கு யார் குடிவருவார்? அதே சொல் கோர்ட் தாளில் வந்தால் ஜப்தி. ‘சொத்தை இணைத்தனர்’ என்று எழுதிவிடாதீர்கள்.

மாவட்ட விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘மெர்ஜர்’ என்கிறார்கள். 1956இன் மாநில மறுசீரமைப்புச் சட்டமோ, அதுவரை மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு ‘ஆடட்’ (added) என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. சேர்க்கப்பட்டன, அவ்வளவுதான். முங்கவில்லை.

ரப்பர் தைக்கு, அதாவது கன்றுக்கு, ஒட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாற்றின் பட்டையில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, நல்ல மரத்திலிருந்து மொட்டோடு எடுத்த பட்டைத்துண்டை உள்ளே வைத்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து லேசாகச் சுரண்டினால் பச்சை தெரியவேண்டும். தெரிந்தால் பிடித்துவிட்டது. ஆனால் மரம் வளர்ந்து பால் எடுக்கும் காலத்திலும் ஒட்டின இடம் யானைக்கால் மாதிரி அடியில் புடைத்துக்கொண்டிருக்கும். நான் தண்ணீரை ‘வெள்ளம்’ என்றும் ஞாபகத்தை ‘ஓர்மை’ என்றும் சொல்லக் கேட்டு, சென்னை நண்பர்கள் “நீங்க மலையாளியா?” என்கிறார்களே, அது அந்தப் புடைப்புதான்.

ஆகவே 1956க்கு ‘சேர்ந்தது’ என்றே போடுங்கள். மின் இணைப்பை விட்டுவிடுங்கள். அது மின்வாரியத்தின் சொல், நீங்கள் மாற்றினாலும் பில் அப்படித்தான் வரும்.