மடியிலும் வேண்டாம், சரக்கிலும் வேண்டாம்: கைக்குழந்தை, விமானம், கார் சீட் (கேள்வி பதில்)

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளுக்கான கார் சீட்டைச் சரியாகப் பொருத்தித் தருவதற்குச் சான்று பெற்றவள் நான். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சனிக்கிழமைகளில் எனக்கு அந்த வேலைதான். சீட்டும் பெல்ட்டும் என் துறை. விசாவும் காய்ச்சல் மருந்தும் என் துறையல்ல. கீழே வரும் விதிகள் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கானவை. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அங்கங்கே சொல்கிறேன்.

நியூ ஜெர்சி: அக்கா, பையனுக்கு 20 மாதம். அவனுக்குத் தனி டிக்கெட் வாங்கிவிட்டோம். எங்கள் கார் சீட்டை விமானத்துக்குள் விடுவார்களா?

விட்டாக வேண்டும். குழந்தைக்கு டிக்கெட் இருந்து, சீட்டும் விமானத்துக்கு ஒப்புதல் பெற்றதாக இருந்தால் அமெரிக்க நிறுவனம் மறுக்க முடியாது. கூட்டாட்சி விதி 121.311 என்பதை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். ஒதுக்கிய இடத்தில் பொருந்தாவிட்டால், அதே வகுப்பில் பொருந்தும் வேறு இடத்தைத் தருவது அவர்கள் பொறுப்பு.

இன்றிரவே சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டிய ஸ்டிக்கரில், மோட்டார் வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படுத்தச் சான்று பெற்றது என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். விமான வாசலில் பணியாளர் தேடுவது அந்த வரியைத்தான். பால் கொட்டி, துடைத்துத் துடைத்து அந்த எழுத்து மங்கிப்போன சீட்டுகள் என்னிடம் நிறைய வருகின்றன. கையேட்டில் அதே வாசகம் உள்ள பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அகலத்தை அளந்து பாருங்கள். 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் அமரும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குவளைத் தாங்கியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஜன்னலோர இடம் எடுங்கள். அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறும் வழியைச் சீட் அடைக்கக் கூடாது. அவசர வழி இருக்கும் வரிசை கூடவே கூடாது.

பொருத்துவது காரில் பெல்ட் போட்டுப் பொருத்துவது போலத்தான். காரில் மாட்டும் கீழ்க் கொக்கிகளுக்கு விமானத்தில் இடமில்லை. நடுவிலிருக்கும் கைப்பிடியைத் தூக்கிவிட்டு, பெல்ட்டை அதற்கான துளைகள் வழியே நுழைத்துப் பூட்டி, முழங்காலால் சீட்டை அழுத்தியபடி இழுங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.

முன்நோக்கி வைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விமான பெல்ட்டின் பக்கிள், மூடியைத் தூக்கினால்தான் திறக்கும். அது குழந்தையின் முதுகுக்குப் பின்னால், சீட்டின் ஓட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால், இறங்கும்போது மூடியைத் தூக்க விரல் நுழையாது. பூட்டும் முன்பே மூடி விமான இருக்கையின் பக்கம் பார்த்திருக்கும்படி திருப்பிவிடுங்கள். அப்படியும் முதுகில் குத்தினால் நீட்டிப்பு பெல்ட் கேளுங்கள். பக்கிள் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

டாலஸ்: கார் சீட்டைச் செக்-இன் செய்தால் கட்டணம் இல்லையே, அக்கா. எதற்காகத் தோளில் சுமக்க வேண்டும்?

கட்டணம் இல்லை என்பதற்காகச் சேதம் இல்லை என்று ஆகாது. சரக்குப் பெல்ட்டிலிருந்து விழுவதும், மேலே முப்பது கிலோப் பெட்டி வந்து விழுவதும் அங்கே அன்றாடம் நடப்பவை. பிளாஸ்டிக் ஓட்டின் விரிசல் துணி உறைக்குள் மறைந்திருக்கும். விபத்து நடக்கும் நொடியில்தான் அது தெரியவரும். என்ன அடிபட்டது என்று தெரியாத சீட்டை நல்ல சீட் என்று என்னால் எழுதித்தர முடியாது. குழந்தை உட்கார்ந்து வர, சீட்டும் உள்ளேயே வரட்டும். சுமை கடினம் என்றால் மடக்கு வண்டி ஒன்று வாங்குங்கள், அல்லது சக்கரப் பெட்டியோடு பட்டையால் கட்டி இழுங்கள்.

அட்லாண்டா: 22 மாதப் பெண்ணுக்குத் தொட்டில் கேட்கலாமா?

அவளுக்குத் தொட்டில் போதாது. எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், அது சிறு குழந்தைகளுக்கானது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தையைத் தூக்கிக் கையில் வைக்கச் சொல்வார்கள்.

சியாட்டில்: பெரியவனுக்கு நாலரை வயது. பூஸ்டர் சீட்டை உள்ளே பயன்படுத்தலாமா?

ஓடுதளத்தில் நகரும்போதும் ஏறும்போதும் இறங்கும்போதும் கூடாது. பெல்ட்டுக்கு ஏற்ப குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டருக்குத் தோள் பெல்ட் வேண்டும். விமானத்தில் இருப்பது இடுப்புப் பெல்ட் மட்டும். கையில் எடுத்துப் போய், இறங்கியபின் காரில் பயன்படுத்துங்கள்.

சிகாகோ: கேர்ஸ் என்ற பட்டையைத் தோழி சொன்னார். கார் சீட்டுக்குப் பதில் அது போதுமா?

விமானத்துக்குள் போதும். குழந்தையை விமான இருக்கையோடு கட்டும், எஃப்ஏஏ ஒப்புக்கொண்ட பட்டை அது. 22 முதல் 44 பவுண்டு வரை எடை, 40 அங்குலத்துக்குள் உயரம், தனி இருக்கை, இவை மூன்றும் வேண்டும். கைப்பைக்குள் அடங்கும். ஆனால் காரில் அது எதற்கும் உதவாது. சென்னையில் இறங்கி எந்தக் காரில், எதில் குழந்தை உட்காரப் போகிறது என்பதற்கு முதலில் விடை கண்டுபிடியுங்கள்.

ஹூஸ்டன்: குழந்தை தூங்குவதற்கு ஒவ்வாமை மருந்து கொஞ்சம் கொடுக்கலாம் என்கிறார்களே?

குழந்தை மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் பரபரப்பைத் தரும்.

சான் ஹோசே: அக்கா, நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு வயதுக்குள் மடியில் வைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. விமானம் காரைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. தனி இருக்கையைக் கட்டாயமாக்கினால் மேலும் குழந்தைகள் சாகும் என்று எஃப்ஏஏவே சொல்லியிருக்கிறது. நான் ஏன் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும்?

தம்பி, நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எஃப்ஏஏ 2005-ல் சொன்னதன் சாரம் இதுதான்: கட்டாயமாக்கினால் டிக்கெட் செலவுக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் காரில் கிளம்பும், சாலை விபத்தில் கூடுதல் உயிர்கள் போகும். உள்நாட்டுப் பயணத்துக்கு அது சிந்திக்க வேண்டிய வாதம். நீங்கள் போவது சான் ஹோசேயிலிருந்து சென்னைக்கு. அங்கே காரில் போக வழியில்லை, ஆகவே அந்தக் கணக்கு உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. அதே எஃப்ஏஏதான் குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் ஒப்புதல் பெற்ற சீட், உங்கள் மடியல்ல என்றும் சொல்கிறது. அனுமதி வேறு, பரிந்துரை வேறு.

சான் ஹோசே மீண்டும்: விபத்து எங்கோ ஒன்று நடக்கும். அதுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் போகிறது. அம்மா கையைவிடப் பெல்ட் உறுதியா?

ஆம், உறுதி. 11 கிலோக் குழந்தை நான்கு மடங்கு விசையில் இழுக்கப்பட்டால் கையில் 44 கிலோ. அதுவும் எதிர்பாராத ஒரு நொடியில், தூக்கக் கலக்கத்தில். எந்தத் தாயின் அன்பும் அதைப் பிடித்து நிறுத்தாது.

1989 ஜூலை 19 அன்று டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சின் உடைந்து சிதறி, திசைதிருப்பும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. அயோவாவின் சூ சிட்டியில் இறக்க முயன்றபோது விமானம் உடைந்து நொறுங்கியது. அதில் நான்கு மடிக்குழந்தைகள். அன்றைய வழிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் படுக்க வைத்துப் பெற்றோர் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு தாய்மாரால் பிடிக்க முடியவில்லை. பதினொரு மாதக் குழந்தை ஒன்று தூக்கி எறியப்பட்டுச் சாமான் வைக்கும் மேல்பெட்டிக்குள் கிடந்தது. வெளியே தப்பிவிட்ட பயணி ஒருவர் அழுகுரல் கேட்டுப் புகைக்குள் திரும்பிப் போய் அதை எடுத்து வந்தார். இன்னும் இரண்டு வயது ஆகாத ஒரு பையன் பிழைக்கவில்லை. தரையில் வைக்கச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுனிடம், பிழைத்து வந்த அந்தப் பையனின் தாய் வந்து நின்றார். அதன்பின் பல ஆண்டுகள் ஜான் பிரவுன் செய்தது ஒரே பிரசாரம்: குழந்தைக்கும் ஒரு இருக்கை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் அதையே பரிந்துரைத்து வருகிறது. காபிக் குவளைகளையும் மடிக்கணினியையும் பத்திரப்படுத்தச் சொல்லும் விமானத்தில், கட்டப்படாமல் இருக்க அனுமதி பெற்ற ஒரே பயணி குழந்தைதான். இது எனக்கு ஒருநாளும் நியாயமாகப் படவில்லை.

விபத்தே வேண்டாம், வெறும் குலுக்கலுக்கும் இது பொருந்தும்.

மிசிகன்: இந்த விவாதத்தைப் படித்து மனம் சங்கடப்படுகிறது, அக்கா. எங்களிடம் மூன்றாவது டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. நாங்கள் மோசமான பெற்றோரா?

இல்லையம்மா. சட்டம் அனுமதிப்பதைச் செய்கிறீர்கள். நான் கோபப்படுவது விதியின் மீது, உங்கள் மீதல்ல. வாரநடுவில், கூட்டம் குறைந்த நாளில் பயணம் எடுங்கள். கார் சீட்டைக் கேட் வரை கொண்டுபோய், காலி இருக்கை பக்கத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். இருந்தால் பல நிறுவனங்கள் கொடுக்கும். விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் குழந்தையானாலும் தரையில் விடாமல் எடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வர்ஜீனியா: வளைகுடா வழியாகப் போகும் விமானத்தில் மடிக்குழந்தைக்கு, நம் பெல்ட்டோடு கோக்கும் குட்டி பெல்ட் கொடுத்தார்களே? அது போதாதா?

அமெரிக்க நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த எஃப்ஏஏ அனுமதிப்பதில்லை. பெரிய அதிர்ச்சியில் உங்கள் உடல் முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கும். ஆனால் குலுக்கலில் கூரைக்குப் பறக்காமல் அது தடுக்கும். வெளிநாட்டு நிறுவனம் கொடுத்து, வேறு வழியும் இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சான் ஹோசே: சரி அக்கா, மனைவியும் உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். நாங்கள் போவது வெளிநாட்டு நிறுவனத்தில். அங்கே கார் சீட்டை ஒப்புக்கொள்வார்களா?

மகிழ்ச்சி, தம்பி. நான் சொன்ன 121.311 அவர்களைக் கட்டுப்படுத்தாது. சிலர் பின்நோக்கி வைக்க விடமாட்டார்கள். சீட்டின் மாடலையும் அளவையும் எழுதி மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு எடுத்துப் போங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயரும் விமானத்தில் வேறு நிறுவனத்தின் பெயரும் இருந்தால், விமானத்தை ஓட்டும் நிறுவனத்தின் விதியே செல்லும். பிசினஸ் வகுப்பிலும் முதல் வரிசைகளிலும் சில பெல்ட்டுகளுக்குள் காற்றுப்பை இருக்கும். அந்தப் பெல்ட்டில் கார் சீட்டைப் பூட்டாதீர்கள்.

பாஸ்டன்: கேட்டில் கொடுத்து அனுப்பினால் பத்திரம்தானே? அது செக்-இன் இல்லையே?

அதுவும் போய்ச் சேருவது அதே சரக்கு அறைக்குத்தான். டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஃபீனிக்ஸ்: சென்னையில் கார் சீட் தேவைப்படுமா? அங்கே யாரும் பயன்படுத்துவதில்லையே?

அங்கேதான் மிகத் தேவை. இரவு விமானத்தில் இறங்கி, தூக்கக் கலக்கத்தில் திருச்சிக்கோ நெல்லைக்கோ நெடுஞ்சாலையில் கிளம்பும் குடும்பங்கள் எத்தனை! 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். யாரும் பிடிக்காமல் இருக்கலாம். எதிரே வரும் லாரிக்கு அது தெரியாது.

டாக்சி சொல்லும்போதே, பின் இருக்கையில் பெல்ட்டும் பக்கிளும் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சீட் உறைக்கு அடியில் பக்கிளைப் புதைத்து வைத்திருக்கும் வண்டிகள் அதிகம். நள்ளிரவில் கை விட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். அடுத்தது முக்கியம். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து விட்டால், கடகடவென்று உள்ளே போகும்போது பூட்டிக்கொள்ளும். இந்தியக் கார்கள் பலவற்றில் அது கிடையாது. திடீரென்று இழுத்தால் மட்டும் பிடிக்கும், மற்ற நேரத்தில் தளர்வாக ஓடும். அப்படியென்றால் சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் பிடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆங்கில எச் எழுத்து வடிவில் ஓர் உலோகக் கிளிப் உண்டு. உங்கள் கையேடு அனுமதித்தால் அதைப் பக்கிளின் நாக்குக்கு மிக அருகில் போட வேண்டும். வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பழகுங்கள். புதிய கார்களில் ஐசோஃபிக்ஸ் வளையம் (இருக்கை மடிப்பில் கார் சீட்டின் கொக்கியை மாட்டும் இடம்) இருந்தால், கொக்கியை மாட்டி இறுக்குங்கள். முன்நோக்கி வைத்தால் சீட்டின் மேல் பட்டையையும் மாட்ட வேண்டும்.

ஆஸ்டின்: அங்கேயே ஒரு சீட் வாங்கி, திரும்பும்போது கொண்டுவரலாமா?

ஊரில் பயன்படுத்த வாங்கலாம். அமெரிக்கக் காரில் அதை வைக்கக் கூடாது. இங்குள்ள தரச் சான்று அதற்கு இருக்காது.

டென்வர்: ஊரில் இருக்கும்போது மகளுக்கு இரண்டாவது பிறந்தநாள் வருகிறது.

திரும்பும் பயணத்துக்குத் தனி டிக்கெட் கட்டாயம். இப்போதே எடுத்துவிடுங்கள், விமான நிலைய கவுண்டரில் வாங்கினால் விலை வலிக்கும்.

சார்லட்: குமிழ் உறையில் நன்றாகச் சுற்றிச் செக்-இன் செய்தால்?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள் எல்லோரும். வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால், சீட் வந்த அட்டைப்பெட்டியில் அதன் தெர்மோகோல் தாங்கிகளோடு போடுங்கள். பெட்டி நசுங்கி வந்தால் சீட்டை ஓடு, பட்டை, பக்கிள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை வையுங்கள். சந்தேகம் வந்தால் வேறு சீட் வாங்குங்கள்.

பிலடெல்பியா: பின்நோக்கி வைத்தால் முன்னாலிருப்பவர் சாய முடியாமல் சண்டை வருமே, அக்கா?

வரும். அந்த இடத்தில் உங்கள் கணவரை உட்கார வையுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே அவருக்கு முன் வரிசை ஜன்னல், உங்களுக்கும் குழந்தைக்கும் அதற்கு நேர் பின்னால் இரண்டு இருக்கைகள். சாப்பாட்டு நேரத்தில் இடம் மாறிக்கொள்ளுங்கள்.