வெல்லமும் ஈயும்: ஒரு படலத்தின் மேற்பரப்பு

கேள்வி: பேரியம் டைட்டனேட் மெல்லிய படலத்தில், கீழ் எலக்ட்ரோடை எர்த் செய்துவிட்டு, ஏ.எஃப்.எம் (நுண்ணிய ஊசியால் பரப்பை வருடிப் படமெடுக்கும் நுண்ணோக்கி) ஊசியில் +8 வோல்ட் கொடுத்து ஒரு சதுரம் வரைந்தேன். பி.எஃப்.எம் (படலத்தின் உள் மின்திசையைக் காட்டும் முறை) படத்தில் சதுரம் பளிச்சென்று இருக்கிறது, மறுநாளும் அப்படியே. கே.பி.எஃப்.எம்-இல் (மேற்பரப்பின் மின்னழுத்தத்தை அளக்கும் முறை) பார்த்தால் நெகட்டிவ் வரவேண்டிய இடத்தில் பாசிட்டிவ் வருகிறது, மறுநாள் அதுவும் மங்கிவிடுகிறது. படலம் சரியில்லை, வேறு போடு என்கிறார்கள் லேபில். போடட்டுமா?
– ஆய்வு மாணவி, திருநகர், மதுரை

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் படலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஊசியில் பாசிட்டிவ் கொடுத்தால் முனைவாக்கம் (படலத்துக்குள் பாசிட்டிவும் நெகட்டிவும் எதிரெதிராக விலகி நிற்பது) கீழ்நோக்கித் திரும்பி, மேற்பரப்பில் நெகட்டிவ் மின்னூட்டம் நிற்கும். நீங்கள் எதிர்பார்த்தது சரிதான். ஆனால் அது கொஞ்சநஞ்ச மின்னூட்டமில்லை. பேரியம் டைட்டனேட் படிகத்தில் முனைவாக்கம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோகூலும். கணக்குப் போட்டால் பரப்பில் நாலு அலகுக்கூட்டுக்கு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமைப்பு) ஓர் எலக்ட்ரான் வீதம் வருகிறது. இவ்வளவையும் திறந்து வைத்தால் காற்று சும்மா விடுமா? வெல்லத்தை ஈ மொய்க்கிற மாதிரி, பரப்பில் படிந்த ஈரத்திலிருந்து எதிர்க்குறி அயனிகள் வந்து மூடிக்கொள்ளும். போதாததற்கு, 8 வோல்ட் கொடுத்த நேரத்தில் ஊசியே பாசிட்டிவ் மின்னூட்டத்தைப் பரப்பில் இறக்கிவிட்டுப் போயிருக்கும். கே.பி.எஃப்.எம்-க்குத் தெரிவது அந்த ஈக்கூட்டம்தான். மறுநாளைக்குள் கலைந்து போவதும் அதுதான், அடியிலிருக்கும் முனைவாக்கம் இல்லை.

இது கே.பி.எஃப்.எம் கருவியின் குறையும் இல்லை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டைப் பற்றி கெல்வின் பிரபு 1898-இல் எழுதிய முறையைத்தான் 1991-இல் ஊசிமுனைக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி பரப்பைத் தொடாமல் மேலே நின்று, இடையிலுள்ள மின்விசை பூஜ்யமாகும்வரை வோல்டேஜை மாற்றிப் பார்க்கிறது. கீழே நெகட்டிவ் எவ்வளவு, மேலே மூடிய பாசிட்டிவ் எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது, கூட்டிக் கழித்து மிஞ்சியதைச் சொல்லும். பி.எஃப்.எம் வேறு வகை. ஊசி தொட்டுக்கொண்டே மாறுமின்னழுத்தம் கொடுக்க, படலம் பிக்கோமீட்டர் கணக்கில் விரிந்து சுருங்குகிறது, அந்த அதிர்வின் கட்டத்தை (ஃபேஸ், அதாவது வோல்டேஜோடு ஒத்து அதிர்கிறதா எதிராகவா என்பதை) வைத்து முனைவாக்கம் மேலா கீழா என்று தெரிந்துகொள்கிறோம்.

அதற்காக பி.எஃப்.எம்-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். பரப்பில் தங்கிய மின்னூட்டம் ஊசி பொருத்திய நெம்புகோலை இழுத்து அதிலும் போலி சிக்னல் தரும், ஃபெர்ரோஎலக்ட்ரிக்கே (வோல்டேஜ் கொடுத்து முனைவாக்கத்தைத் திருப்பக்கூடிய பொருள்) இல்லாத படலங்களில்கூட அழகான சதுரம் வந்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் கே.பி.எஃப்.எம் மங்கிய பிறகும் பி.எஃப்.எம் சதுரம் மாறாமல் இருக்கிறதே, அது நல்ல அடையாளம். ஆனாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். புதிதாக ஒரு சதுரம் வரைந்து, ஊசியை எர்த் செய்து, கொஞ்சம் அழுத்தம் கூட்டி, சதுரத்தின் பாதியை மட்டும் தேய்த்து ஸ்கேன் செய்யுங்கள். தாமதிக்காமல் கே.பி.எஃப்.எம் எடுங்கள். மேலே ஒட்டியது வழிக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதி நெகட்டிவ் பக்கம் நகர்ந்திருக்கும், அப்புறம் நேரம் போகப் போக அயனிகள் திரும்ப வந்து மூடும். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்து வைத்தால் அந்த மூடும் வேகமே உங்கள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்துக்குப் போதும், எனக்கென்னவோ நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் விஷயமே அதுதான் என்று படுகிறது. கடைசியாக பி.எஃப்.எம் எடுத்துப் பாருங்கள், தேய்த்த பாதியும் தேய்க்காத பாதியும் ஒன்றுபோல இருக்கவேண்டும்.

இன்னொன்று, ஈரப்பதம். ஐப்பசி மழையில் எடுத்த படமும் சித்திரை வெயிலில் எடுத்த படமும் நம் ஊரில் ஒத்துப்போகாது. ஏசி ஓடியதா, வரைந்து எத்தனை நிமிடம் கழித்து எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொரு படத்தோடும் நோட்டில் எழுதுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, ஏ.எஃப்.எம் மூடிக்குள்ளேயே, மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.